புறங்கையில் தெறித்த மருந்து

ஒரு நொதியை ஆராய்வதுதான் என் பிழைப்பு. செல்லின் சவ்விலிருந்து பிரியும் கொழுப்பை அது புரோஸ்டாகிளாண்டின் என்ற சேதியாக மாற்றும். கருப்பையை இறுகச் சொல்லும் சேதி. நேரத்துக்குச் சொன்னால் பிள்ளை பிறக்கும், முந்திச் சொன்னால் தங்காது. எனக்கு இரண்டு முறை தங்கவில்லை. அதனால் இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை அம்மாவிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று இருந்தேன்.

பொங்கலுக்குத் திருவாடானை பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். பசு பருவத்துக்கு வரவில்லை என்று அய்யா மாட்டு டாக்டரை அழைத்திருந்தார். ஊசியில் மருந்தை ஏற்றும்போது பசு உதைத்தது. என் புறங்கையில் சில சொட்டு தெறித்தது. என்ன மருந்து என்று கேட்டேன். அதே சேதிதான், ஆலையில் செய்தது; மாட்டைப் பருவத்துக்கு வரவைக்கும். புள்ளத்தாச்சிகள் இதைத் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

"அய்யா, நான் முழுகாம இருக்கேன்."

எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட சேதிகள் அம்மா வழியாகத்தான் அய்யாவுக்குப் போகும். அவர் பிடித்திருந்த மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு என்னை அடிபம்புக்கு இழுத்துப்போய், சோப்பு கரையக் கரையக் கையைக் கழுவினார்.

உடனே கழுவியதால் பயமில்லை, அடுத்த வாரம் ஸ்கேன் பார்க்கலாம் என்று என் டாக்டர் போனில் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் குளியலறைக்கு ஓடி ரத்தக்கறை உண்டா என்று பார்த்தேன். மருந்து கேட்டால் இரண்டு மூன்று நாளில் பசு பருவத்துக்கு வந்து கத்தும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அது கத்தினால் எனக்கும் மருந்து கேட்டுவிட்டது என்று மனசு கணக்குப் போட்டது. ஊசி முழுக்க ஏறியது அதற்கு, எனக்குச் சில சொட்டுதான். தெரிந்தும் பயந்து செத்தேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ.

மூன்றாம் நாள் காலையில் தொழுவத்தில் பசு இல்லை. கண்மாய்ப் பக்கம் ஒரு மாடு விடாமல் கத்தியது. பதறி வாசலுக்கு ஓடினேன். அய்யா எதிரே வந்தார்.

"அது மேலவீட்டு மாடு, ஆத்தா. நம்ம மாட்டுக்கு மருந்து கேக்கல. மேய விட்டுட்டு வாரேன்."

சான்று இல்லாமல் எதையும் நம்பாதவள், நம்பினேன். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ராமநாதபுரத்தில் ஸ்கேன். இதயம் துடித்தது. அங்கிருந்தே அய்யாவுக்குப் போன் போட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"அப்பச் சரி, ஆத்தா. நம்ம மாட்டுக்கும் கண்மாய்ல கத்துன அன்னைக்கே சினை ஊசி போட்டாச்சு."