அத்தை சொன்ன சாட்சி

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் பாதி உயிர் இலங்கையில், நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்திலேயே கிடந்தது. கறம்பக்குடி வெயிலில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் தகரக்கூரை மழை பெய்யும். கண்ணை மூடினால் மலைப்பனி வந்து காலைச் சுற்றிக்கொள்ளும்.

"கனாக் கண்டது போதும், கையை அசை" என்பார் அத்தை. என் மாமியார் அவர். என் அம்மாவின் அண்ணன் மனைவி. வந்த நாளிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

விசா முடிந்ததை யாருமே கவனிக்கவில்லை. சொந்த மாமன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு விசா எதற்கு என்ற நினைப்புதான். ஒருநாள் சைக்கிளில் வந்த போலீஸ்காரர், நான் வெளிநாட்டுக்காரி, இலங்கைக்கே திரும்ப வேண்டும் என்று உத்தரவை நீட்டினார். அப்போது எனக்கு வயிற்றில் பிள்ளை. அங்கே பெற்றவர்கள் இருவருமே இல்லை. யாரிடம் போவேன்?

புதுக்கோட்டை வக்கீல் வெற்றிலையை மென்றபடி கேட்டார். "நீங்க தலைச்சன் பிள்ளையாம்மா?"

"ஆமாங்க."

"தலைப்பிரசவத்துக்கு ஒங்கம்மா தாய் வீட்டுக்குத்தான வந்திருப்பாங்க? அந்த வீடுதான் இப்ப ஒங்க மாமியார் வீடு. அங்க பொறந்தீங்கன்னு காட்டிட்டா நீங்க இந்தியப் பிரஜை, சர்க்காரு ஒங்களை அனுப்ப முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. துரத்தப் பார்க்கிற நாட்டிலேயேவா பிறந்தேன்? அதைப் பார்த்தவர்களில் மிச்சமிருந்தது அத்தை ஒருவர்தான். கேட்டதற்கு, "கோர்ட்டுல சொல்லிக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

கோர்ட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கப்பல் ஆடுவதுபோல் இருந்தது. சர்க்கார் வக்கீலின் குரல்தான் என்னை உலுக்கியது.

"மருமகளைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க."

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?" என்றார் அத்தை. "இவளுக்கு ஒரு கொழம்பு வைக்கத் தெரியாது. போனா எம் மகனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன். ஆனா இவ பொறந்தது எங்க வீட்டுல. மொதல்ல கையில வாங்குனது நாந்தான்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் குனிந்துகொண்டார். அவமானத்தில் காது சுட்டாலும், ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொழம்பு அவ்வளவு மோசமா அத்தை?"

"ஆமா."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "ஒங்கம்மா சீக்கிரம் வாரேன்னுட்டுத்தான் போனா. தனுஷ்கோடி வரைக்கும் ஒன்னையத் தூக்கிட்டுப் போயி, நாந்தான் கப்பலேத்தி விட்டேன். அவ திரும்பி வரவே இல்ல. அந்தக் கோவத்தைத்தான் ஒம்மேல காட்டிட்டேன்."

பிடித்த கையை அவர் விடவில்லை. "இன்னொரு தடவ ஏத்திவிட என்னால ஆகாதுடி."