கோப்பெங்கில் ஒரு காகிதப்பூச் செடி

எங்கள் ஊர் தைப்பிங்கின் ஓயாத மழையில் என் காகிதப்பூச் செடிகள் இலையை மட்டுமே காட்டுகின்றன. அடுத்த வாரம் எங்கள் தாமான் குடியிருப்பில் பூச்செடிப் போட்டி. வருடா வருடம் பரிசு எதிர்வீட்டு மேரி அக்காவுக்குத்தான் போகிறது. இந்த முறை விடக்கூடாது என்று கோப்பெங் வரை காரோட்டி வந்து, ஒரு நர்சரியில் நிற்கிறேன்.

வலைக்கூரையின் கீழே ஒரு காகிதப்பூச் செடி. ஒரே கிளையில் வெள்ளையும் சிவப்பும், இலையே தெரியாமல். தொட்டியைத் தூக்கக் குனிகிறேன்.

"அது வித்தாச்சு லா, அக்கா," என்கிறார் கடைக்காரர். "மேரின்னு ஒரு அக்கா, போட்டியில வருஷா வருஷம் ஜெயிப்பாங்களாம். போன்ல படம் பார்த்தே வாங்கிட்டாங்க."

தொட்டியிலிருந்து கையை எடுக்கிறேன். "இதே மாதிரி இன்னொன்னு இருக்கா அண்ணே?"

"இல்லக்கா. நீங்க எங்கேருந்து வாரீங்க?"

"தைப்பிங்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அவர் முகம் மலர்கிறது. "நல்லதாப் போச்சு! அவங்களும் அங்கதான், விலாசம் தாரேன். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்களேன் லா."

செடியை முன்சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிடுகிறேன். ஒரு பூ உதிர்ந்தாலும் பொறாமையில் நான்தான் பறித்தேன் என்று தாமானே பேசும். வருகிற லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு, மெதுவாக ஓட்டுகிறேன்.