எதிர்வீட்டு வாசலில் ஊற்றிய எண்ணெய்

பூட்டக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் கணவன்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்குவாள். பாதியில் நின்று திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். சலவைக்கடையில் அவளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. கிளம்பும்போது பெட்டியின் சுவிட்சை அணைத்ததை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"நீ செத்தாலும் சவப்பெட்டியிலிருந்து எழுந்து மூடி சரியா இருக்கான்னு பார்ப்படி" என்பான் அவன்.

சின்ன வயதில் மின்னலுக்குப் பயம், பிறகு பரீட்சைக்கு, கல்யாணமானபின் கணவன் ஓட்டுகிற வேனுக்கு. ஜெபக்குழுவில் சேர்ந்த புதிதில்தான் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினாள். எல்லாக் கவலையையும் இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்ததே! ஆனால் குழுவை நடத்திய அக்கா, அவளிடமிருந்த பழைய பயங்களை வாங்கி வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பயத்துக்குப் பெயர் 'அவங்க': வேறு மதத்துக்காரர்கள், கூடவே ஆவியைக் கூட்டிவருகிறவர்கள்.

அவள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், 'அவங்க' எதிர்வீட்டுக்கே குடிவந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை, முஸ்லிம் குடும்பம். வந்த மறுநாளே முக்காடிட்ட அந்த அம்மா கதவைத் தட்டி, குப்பை எடுக்க எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டாள். பூட்டக்கா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, இடுக்கு வழியாகப் பதில் சொல்லி அனுப்பினாள்.

குழு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எதிர் வாசலா? சும்மா இருந்துடாதே. ஜெபிச்ச எண்ணெய் வச்சிருக்கல்ல? உன் கதவு நிலையிலயும் பூசு, அவங்க வாசல்லயும் பூசு. எந்த ஆவியும் தாண்டி வராது. மூணு சொட்டு போதும்."

மூன்று சொட்டு மற்றவர்களுக்குப் போதும், பூட்டக்காவுக்குப் போதுமா? எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்த காலை நேரத்தில், இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண்ணாக எதிர்வாசலில் குனிந்தாள். மூன்று சொட்டு விட்டாள். மூலையில் படவில்லையோ என்று இன்னும் கொஞ்சம். கடைசியில் பாதிப் பாட்டில் காலி. ஜெபம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் திரும்பியபோது, மாடிப்படி துடைக்கிற அம்மா கடைசிப் படியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க எதிர்வீட்டம்மா வாசல்லயே வழுக்கி விழுந்து கையை ஒடிச்சிக்கிட்டாங்க. நான்தான் சோப்பை அலசாம விட்டுட்டேனாம். நாளையிலிருந்து வரவேணாம்னு அப்பார்ட்மென்ட் மேனேஜர் சொல்லிட்டார். இன்னைக்கு நான் சோப்பே போடலம்மா! யார் நம்புறா?"

பூட்டக்காவுக்குக் காலையில் காலியான பாதிப் பாட்டில் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் ஓடி மறுபடியும் குழு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்தம்மா விழுந்துட்டாங்க. கை ஒடிஞ்சிருச்சு."

"ஸ்தோத்திரம்! பாத்தியா, எண்ணெய் வேலை செய்யுது!"

போனை வைத்துவிட்டாள். அந்த அம்மா இதுவரை அவளுக்குச் செய்ததெல்லாம் குப்பைக்காரன் வரும் கிழமையைக் கேட்டது ஒன்றுதான். அவள் கை ஒடிந்ததற்கு ஆண்டவருக்கு நன்றியா? எந்தக் கெடுதல் தாண்டி வந்துவிடக்கூடாது என்று நடுங்கினாளோ, அது இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கல்லவா போயிருக்கிறது.

கணவனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"போய் சொல்லிடு" என்றான்.

"போலீஸுக்குப் போயிட்டா?"

"போகட்டும். அந்தப் படி துடைக்கிறவங்க என்ன பாவம் செஞ்சாங்க?"

"குழுவுல என்ன நினைப்பாங்க?"

"அவங்களை விடு. ஆண்டவர் கூடவே இருக்கார்னு தினம் சொல்ற. எதிர்வீட்டு வாசல் வரைக்கும்கூட அவர் வரமாட்டார்னு நினைச்சியா?"

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் மாவுக்கட்டோடு அந்த அம்மா திறந்தாள். பூட்டக்கா ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

கேட்டவள் முதலில் உள்ளே திரும்பிப் பார்த்தாள். குழந்தை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

"எங்களைப் பேய்னு நினைச்சீங்களா?"

"பயம்ங்க. உங்களைத் தெரியாது. தெரியாமலே பயந்துட்டேன்."

"நானும் புது இடம்னு பயந்துதான் வந்தேன். பயந்துக்கிட்டேதான் உங்க கதவைத் தட்டினேன்." மாவுக்கட்டுக் கையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். "மேனேஜர்கிட்ட போய் எண்ணெய் நீங்க ஊத்தினதுன்னு சொல்லுங்க. எதுக்குன்னு மட்டும் கத்திச் சொல்லாதீங்க. என் பொண்ணு காதுல விழக்கூடாது, அவளைப் பார்த்து ஜனங்க பயப்படுறாங்கன்னு."

அவள் உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணெயா? அடுத்த வீட்டு வாசல்லயா? எதுக்கும்மா?"

"என் புத்தி கெட்டுப்போச்சு சார். விழுந்தவங்க மேல தப்பில்ல, துடைக்கிறவங்க மேலயும் தப்பில்ல. அவங்களை வரச்சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே அவர் போனை எடுத்து, படி துடைக்கிற அம்மாவைக் காலையில் வேலைக்கு வரச் சொன்னார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் பூட்டக்கா அங்கிருந்து நகர்ந்தாள்.

அன்றிரவு முழுக்க, எதிர்வீட்டுக்காரர் போலீசோடு வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். விடிந்து, கதவு தட்டும் சத்தம் கேட்டதும் உயிரே போனதுபோல் இருந்தது.

வாசலில் எதிர்வீட்டம்மா நின்றாள். பக்கத்தில் சீருடையில், தலைமுடி கலைந்தபடி, ரிப்பனோடு குழந்தை.

"ஒரு கையால பின்ன வரல. இவங்கப்பா பின்னினா அழுவுறா. ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றாள். பிறகு குழந்தைக்குக் கேட்காதபடி, "என் கோபம் இன்னும் போகல. அதையும் சொல்லிடுறேன்" என்றாள்.

"போகவேணாம்ங்க. உள்ள வாங்க."

நாற்காலியில் குழந்தையை உட்காரவைத்து முடியை மூன்றாகப் பிரித்தாள். தொட்டும் தொடாமலும் பின்னினாள். வலித்துவிடுமோ, வகிடு கோணுமோ, அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாளே.

"இறுக்கமா இருக்காடா செல்லம்?"

"இல்ல ஆன்ட்டி" என்றது குழந்தை. "ரொம்ப லூசா இருக்கு. பயப்படாம இழுங்க."