பெரிய துறையில் இறங்கிய மாலை

நான் என் மனைவியுடன் வாவியிலுள்ள தீவுக்குப் போய்வந்தது உண்மை. அதை ஊராரிடம் மறைக்க முயன்றதும் உண்மை. முதலாவதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இரண்டாவதற்கு, கேட்க வேண்டியவரிடம் அன்றே கேட்டுவிட்டேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. கல்லூரிப் படிப்பை முடித்து, நில அளவையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஊர்க் கோயிலில் எங்கள் குடியின் சார்பில் வண்ணக்கராக இருந்து பரிபாலனத்தைக் கவனித்து வருகிறேன். முதல் மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் தனித்திருந்தபின், கணவரை இழந்த ஒரு பெண்மணியைச் சென்ற ஆண்டு பதிவாளர் முன்னிலையில் மணந்தேன். எங்கள் பகுதியில் வீடு பெண் வழியே செல்லும். முதல் மனைவியின் வீடு முறைப்படி மகளுக்குச் சேர்ந்தது. இப்போது நான் வாழ்வது இந்த மனைவியின் வீட்டில். "கிழவன் கூரை தேடிப் போயிற்றான்" என்று ஊரில் ஒரு பேச்சு. பிறருடைய எல்லைத் தகராறுகளை வாழ்நாள் முழுதும் அளந்து தீர்த்தவனுக்கு அந்தப் பேச்சு எங்கே தைக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. மகள் வீட்டில் எனக்கு அறையும் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை. நான் தேடியது கூரையை அல்ல.

மனைவியின் மகள் சைப்பிரஸ் தீவில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். ஒரு நாள் அவள் கைபேசியில் ஒரு காட்சி அனுப்பியிருந்தாள். நரைத்த தலையுடன் ஒரு கணவனும் மனைவியும் படகிலிருந்து இறங்கி, வெள்ளைப் பாறைகளுக்கிடையே கைகோத்து நடந்தார்கள்.

"இஞ்ச பாருங்க, நம்மளவிட வயசு போனதுகள். என்ன வடிவாப் போகுதுகள்" என்றார் மனைவி.

"அது மத்தியதரைக் கடல். அங்க ஆரும் ஆரையும் பாக்கிறதில்ல" என்றேன்.

"நமக்கு முன்னால வாவி கிடக்குதானே. தீவும் கிடக்கு. பொறந்த நாள்ல இருந்து பாக்கன், ஒரு நாளும் மிதிச்சதில்ல."

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தோணிக்காரரை அழைத்து நான் சொன்ன ஏற்பாடு இது: விடியற்காலையில் கரையோரச் சேற்றில் அடர்ந்த கண்டல் பற்றைக்குப் பின்னாலுள்ள ஒதுக்குப்புறத்தில் ஏற வேண்டும். பொழுது பட்டபின் அதே இடத்தில் இறங்க வேண்டும். மனைவியிடம் வெயிலைக் காரணம் காட்டினேன். குடையைத் தாழ்த்திப் பிடிக்கவும் சொன்னேன்.

"வெயில் இன்னும் எழும்பல்ல. குடை ஆருக்கு?" என்று கேட்டபடியே விரித்தார்.

அந்தத் தீவின் வரைபடத்தை இளம் வயதில் என் கையாலேயே வரைந்திருக்கிறேன். அப்போது அது எனக்குத் தூரங்களும் கோணங்களும் மட்டுமே. அன்றுதான் அங்கே கொக்குகள் இருப்பதைக் கண்டேன். வடக்கே ஒரு மணல்திட்டு புதிதாக வளர்ந்திருந்தது. எருமைகள் கழுத்தளவு நீரில் கிடந்து எங்களை நோட்டமிட்டன. பற்றைக்குள் தேடியபோது, நான் நாட்டிய அளவைக் கல் நாட்டியபடியே நின்றது. எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் மனைவி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எழும்புங்க. அது அரசாங்கக் கல்லு. அதில இரிக்கப்படாது."

"அரசாங்கம் வந்து எழுப்பட்டும். எனக்கு முழங்கால் நோகுது."

நானும் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். பிட்டும் இறால் பொரியலும் உண்டு, மண்முட்டித் தயிரை ஒரே கரண்டியால் மாறி மாறி எடுத்தோம். முப்பது வயதில்கூட நான் இப்படிச் சாப்பிட்டதில்லை.

மூன்றரை மணியளவில் மனைவி களைத்துப்போய், கிளம்பலாம் என்றார். நிழலில் படுத்திருந்த தோணிக்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார்:

"ஐயா பொழுது பட்டுத்தான் கரைக்குக் கிறுகச் சொன்னவரு, அக்கா. ஆக்கள் பாக்காம இறக்கி விடோணுமாம்."

மனைவி என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"ஆக்கள் பாக்காமலோ? நான் என்ன களவெடுத்த சாமானோ?"

"கோயில் பொறுப்பில இரிக்கிறவன். நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலித்தது என்பதை உணர்ந்தேன்.

"என்ட வீட்டுக்கு நீங்க வரக்குள்ள, முன் வாசலாலதான் கூட்டிக்கிட்டு வந்தன். ஊரெல்லாம் பாத்துக்கிட்டு நிண்டது. நான் குடை புடிக்கல்ல." குரல் உயரவே இல்லை. "நீங்க கண்டலுக்குள்ளயே இறங்குங்க. நானும் இறங்குறன். வீட்டில சோறு போடுவன், மருந்து எடுத்துத் தருவன். ஆனா இனி உங்களோட ஒரு இடத்துக்கும் வரமாட்டன்."

அவர் சொன்னதைச் செய்கிறவர். ஊராரின் வாயில் என் பெயர் நலமாக இருப்பதற்காக, எனக்குத் துணையாக வந்த ஒருவரை அவருடைய வீட்டுக்குள்ளேயே அந்நியராக்கப் பார்த்திருக்கிறேன். பிழை என்னுடையது என்றேன், தோணிக்காரரின் முன்னிலையிலேயே. பிறகு தோணிக்காரரிடம் திரும்பினேன்.

"பெரிய துறைக்கு விடுங்க."

"இப்பயோ ஐயா? மீன் ஏலம் போற நேரம். கோயில் ஆக்களும் மரத்தடியில இரிப்பாங்க."

"இரிக்கட்டும்."

தோணி வாவியைக் குறுக்கே கடக்கையில் நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி மணந்தேன். எவருடைய சொத்தையும் தொட்டதில்லை. கோயில் காரியத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. இதற்குமேல் ஒரு மனிதனிடம் ஊருக்குக் கேட்க என்ன உரிமை இருக்கிறது?

துறையில் ஐம்பது பேராவது நின்றார்கள். ஏலக்காரரின் குரல் ஒரு கணம் தடைப்பட்டது. நான் முழங்கால் நீரில் இறங்கி, வேட்டி நனைய நின்று, கையை நீட்டினேன். மனைவி என் கையைப் பற்றி, முழங்கால் வலியோடு மெதுவாக இறங்கினார். கரையேறிய பின்னும் நான் கையை விடவில்லை.

மரத்தடியில் இருந்த இன்னொரு குடியின் வண்ணக்கர், என் வயதுக்காரர், வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"என்ன, கூரை கிடைச்ச கையோட தீவும் பாக்கப் போனீங்களோ?"

இரண்டொருவர் சிரித்தார்கள்.

"ஓம்" என்றேன். "வீடு அவங்கட. அத நான் எப்பயும் மறைக்கல்ல. பயணம் ரெண்டு பேருக்கும். நீங்களும் உங்கட வீட்டாக்களக் கூட்டிக்கிட்டு ஒருக்காப் போய்ப் பாருங்க. நல்ல காத்து."

இம்முறை சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

தோணிக்காரர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மரத்தடி வரை கேட்கும் குரலில் அவரிடம் சொன்னேன்: "வாற மாசமும் போறம். காலம எட்டு மணி. இதே துறையில நில்லுங்க."

வீதியில் ஏறியபோது மனைவி மெல்லக் கேட்டார்.

"அண்டைக்கும் குடை கொண்டு வரணுமோ?"

"வெயில் எறிச்சாக் கொண்டு வாங்க" என்றேன்.