ஹாலிஎல மலையில் ரோசிக்குக் காவலிருந்த நாட்கள்

மகள் ஜப்பானுக்கு வேலைக்குப் போன பிறகு வந்த முதல் பள்ளி விடுமுறை அது. மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் நான் மட்டும். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கை அளவை மறக்கவில்லை. தினமும் மிஞ்சியதைக் காகங்களுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதம் முழுவதும் இப்படியே போய்விடுமோ என்று பயந்துபோய்த்தான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பினேன். வழக்கமாக நான் எழுதும் கோயில், குளம், கடற்கரைப் பயணம் இல்லை இது. ஒரு குதிரையைப் பார்க்கப் போனேன்.

என்னோடு படிப்பிக்கும் பதுளைக்கார ஆசிரியை ஒருவர்தான் சொன்னார். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் ஓரத்தில் சிவலிங்கம், யோகேஸ்வரி என்று ஒரு தம்பதி இருக்கிறார்கள். இறைச்சிக்குப் போகும் சினைக்குதிரைகளை மீட்டு, குட்டி ஈன்று தேறும்வரை பார்த்துக்கொள்கிறார்கள். ஈனும் நாள் நெருங்கினால் மாறி மாறிக் காவலிருக்க ஆள் தேவைப்படுமாம். நம்பர் வாங்கிப் போன் எடுத்தேன். யோகேஸ்வரிதான் பேசினார்.

“டீச்சருக்குக் குதிரை தெரியுமாங்க?”

“தெரியாது.”

“பயமா?”

“பயம்தான்.”

“அப்ப வாங்க. தெரிஞ்ச மாதிரி வாறவங்களாலதான் தொல்லை.”

மட்டக்களப்பிலிருந்து அதிகாலை ஐந்தரை பஸ். செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளை, ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர். டிக்கெட் நான் போனபோது எழுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பிபிலை தாண்டினால் வளைவுகள் தொடங்கும். வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டில் இருப்பது நல்லது. பதினொன்றேகாலுக்குப் பதுளை. அங்கே சாப்பிட்டுவிட்டுப் பண்டாரவளை பஸ்ஸில் ஏறினால் ஹாலிஎல இருபத்தைந்து நிமிடம். பிறகு ஏழு கிலோமீட்டர் மேலே போக ஓட்டோதான். ஆயிரத்து இருநூறு கேட்டார்கள், ஆயிரம் கொடுத்தேன்.

ஓட்டோக்காரர் நான் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். “குதிரை வீட்டுக்கா? போவோம், ஏறுங்க.” தேயிலை மலைக்குள் இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் தானாகவே சொன்னார்: “ரோசின்னு ஒரு குதிரை இருக்குங்க. நம்ம ஓட்டோவுக்கெல்லாம் சும்மா நிக்கும். லொறி சத்தம் கேட்டாத்தான் கத்தும். கீழ டவுன் வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க. அவ்வளவு கேக்காது, ஆனா கேக்கும்.”

ஏன் லொறிக்கு மட்டும் என்று கேட்டேன். “யோகா அக்காகிட்டக் கேளுங்க” என்றார்.

வீடு ஒரு சரிவில் இருந்தது. மேலே மானாப்புல் மலை, கீழே கோவா, லீக்ஸ் என்று மரக்கறிப் பாத்திகள், அதையும் தாண்டித் தோட்ட ரோட்டு. வீட்டோடு ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டில். கச்சான் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. யோகா ஐம்பது தாண்டியவர், நல்ல உயரம். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், பல வருடம் வேலை செய்தவர். சிவலிங்கம் இளவயதில் நுவரெலியாவில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் குதிரைகளைப் பிடித்து நடத்தியவர்; மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார்.

ரோசி கம்பி வேலியோரம் நின்றாள். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, பின்னங்கால் ஒன்று லேசாக இழுக்கும். வயிறு இரண்டு பக்கமும் கூடை கட்டிவிட்டதுபோலத் தொங்கியது. நான் நீட்டிய புல்லை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் கீழே ரோட்டில் இருந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது யோகா கதையைச் சொன்னார். முதல் குதிரை கிடைத்த அன்று விதைக்கிழங்கு வாங்க நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார்கள். ரோட்டோரம் நின்ற ஒரு லொறியில் மாடுகளுக்கு நடுவே ஒரு குதிரை. “மடியில இருந்து பால் சொட்டுதுங்க டீச்சர், பலகை வழியா ரோட்டுல. இன்னிக்கோ நாளைக்கோ போடப் போகுது. அதை வெட்டக் கொண்டுபோறாங்க. இவரைப் பாத்தேன், இவர் என்னைப் பாத்தார். கிழங்கு வாங்கல.” அந்தக் குதிரையும் குட்டியும் இப்போது ஹல்துமுல்லைப் பக்கம் ஒருவரிடம் நன்றாக இருக்கின்றன. இரண்டாவதாக வந்தது கறுப்பி. குட்டி வளர்ந்து போன பிறகும் அது இங்கேயே தங்கிவிட்டது. ரோசி மூன்றாவது.

“கால் இழுக்குதுன்னு இவளை வித்துட்டாங்க. சினைன்னு யாருக்கும் தெரியாது. அதுக்கு முந்தின குட்டிய, பால் குடி மறக்குறதுக்கு முன்னாடியே யாருக்கோ குடுத்திருக்காங்க. லொறியில ஏத்தி, இவ கண்ணு முன்னாடியே.”

அப்போது கீழே கொழுந்து லொறி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. ரோசி தலையை உயர்த்திக் காதுகளை முன்னால் நிமிர்த்திக் கத்தினாள். உடம்பு முழுவதும் அதிர்ந்தது. லொறி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து மகளுக்கு, ‘சாப்பிட்டியா?’ என்று அனுப்பினேன். அவள் வேலையில் இருந்தாள். பதில் வரவில்லை.

மூன்று இரவு மாறி மாறிக் காவலிருந்தோம். குதிரைகள் பெரும்பாலும் ஆள் இல்லாத நேரம் பார்த்து இருட்டில்தான் ஈனுமாம். காம்பு நுனியில் மெழுகுபோல் துளி கட்டிவிட்டது, இனி நேரம்தான் என்றார் சிவலிங்கம். ஆனால் ரோசி எங்களை ஏமாற்றிவிட்டுக் காலை ஏழு மணிக்கு, மூவரும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெயிலில் படுத்தாள். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே. பிறகு மூக்கு. சிவலிங்கம் கிட்டப் போகாமல் எங்களையும் கை நீட்டித் தடுத்தார். ஒரு பெரிய முக்கலோடு மற்றது எல்லாம் வழுக்கி வந்தது. நனைந்த, நீளக்கால் பெண்குட்டி. நெற்றியில் தாய்க்கு இருக்கும் அதே வெள்ளை.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அது ஐந்தாறு தடவை விழுந்து எழுந்து, ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது. மடியைத் தேடித் தாயின் விலாவில் மூக்கை வைத்தது. ரோசி வீறிட்டுக் காலை உதறினாள். குட்டி கொட்டில் சுவரில் மோதி விழுந்தது.

மறுபடி எழுந்து வந்தது. மறுபடியும் உதை. மூன்றாம் தடவை ரோசி அதைத் திரும்பியும் பார்க்காமல் வேலியோரம் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள்.

யோகா முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. “சீம்பால் உள்ள போகலன்னா இது தங்காதுங்க” என்றார். அவர் தந்த நம்பரில் மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு மாற்றலாகி வந்தவர். பதற்றப்படாமல் சொன்னார்: “தாயை இறுக்கிப் பிடிச்சுப் பாலைக் கறவுங்கோ. சூப்பிப் போத்தல்ல விட்டுக் குட்டிக்குக் குடுங்கோ. மத்தியானத்துக்குள்ள வயித்துக்குள்ள போயிட வேணும், விளங்குதோ? நான் வெளிக்கிடுறன்.”

சிவலிங்கம் முகக்கயிற்றைப் பிடித்து ரோசியின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றார். யோகா தோளை அவள் விலாவில் முட்டுக்கொடுத்துக் கறந்தார். தேன் நிறத்தில், கெட்டியான பால். போத்தல் என் கையில். குட்டிக்குச் சப்பத் தெரியவில்லை; கடைவாயில் வழிந்தது. “விரலைக் குடுங்க முதல்ல” என்றார் யோகா. விரலைப் பற்றிக்கொண்டது. வழுவழுத்த, சூடான நாக்கு. அப்படியே ரப்பரை உள்ளே நழுவவிட்டேன். ஒரு மிடறு, இன்னொன்று, பிறகு நிறுத்தாமல்.

வைத்தியர் வந்து குட்டியைச் சோதித்து, ரோசிக்கு ஊசி போட்டு, மடியில் வலி இருக்கிறதா என்று பார்த்தார். நோவு ஒன்றுமில்லை. “மனசுதான்” என்றார். “இண்டைக்கு நாளைக்குள்ள சேர்த்தால் சேரும். இல்லாட்டி நீங்கள்தான் தாய்.”

அன்றும் மறுநாளும் மணிக்கொரு தடவை கறப்பதும் கொடுப்பதும்தான். பாதி நேரம் போத்தல் என் பொறுப்பு. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் என் செருப்புச் சத்தம் அதற்குத் தெரிந்துவிட்டது. தள்ளாடிக்கொண்டு வந்து என் தொடையில் முழுப் பாரத்தையும் சாய்க்கும். குடித்து முடித்த பிறகும் போகாமல் என் சட்டை விளிம்பைச் சப்பும். யாரும் என்னை இப்படித் தேடி வந்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன்: ரோசி சேர்க்காமலே போனால் இதற்கு நான் வேண்டியிருக்குமே, விடுமுறையை நீட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. யோகாவிடம் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மடுவத்துல எனக்கும் அப்படித்தாங்க. பின்னேரம் அம்மாமார் வந்து தூக்கிட்டுப் போவாங்க. நான் காலி தொட்டில்களைப் பாத்துக்கிட்டு நிப்பேன்” என்றார்.

அன்று பின்னேரம்தான் அது நடந்தது. காற்றில் வேலிக் கதவு திறந்துகொண்டது. கறுப்பி உள்ளே வந்துவிட்டது. குட்டி கொட்டிலுக்கு வெளியே தனியாக நின்றது. கறுப்பிக்குக் கெட்ட எண்ணம் இல்லை, மோந்து பார்க்கத்தான் போனது. ஆனால் கிட்டப் போனதும் குட்டி பயந்து சின்னக் குரலில் கத்தியது.

நான் ஓட எழுந்தேன். சிவலிங்கம் என் கையைப் பிடித்தார். “பொறுங்க டீச்சர். பொறுங்க.”

ரோட்டைப் பார்த்து நின்ற ரோசி திரும்பினாள். காதுகள் பின்னால் படிந்தன. இழுக்கும் காலோடு அவ்வளவு வேகம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கறுப்பியின் கழுத்தைக் கடித்துத் துரத்தி, வேலிக்கு வெளியே போகும்வரை விடவில்லை. திரும்பி வந்து குட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் குறுக்கே நின்றாள். பிறகு தலையைத் தாழ்த்தி அதை மோந்தாள். கழுத்து, முதுகு, வால். தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைத்தாள். லொறிக்குக் கத்தும் குரல் இல்லை. அந்தக் குரலை அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

குட்டி மடிக்குப் போனது. ரோசி ஒரு காலை அரைவாசி தூக்கினாள். காலை மெதுவாகத் தரையில் வைத்தாள். சப்பும் சத்தம் கேட்டது. யோகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிவலிங்கம் திரும்பி மலையைப் பார்த்து நின்றார்.

மறுநாள் கொழுந்து லொறி வந்தபோது ரோசி தலையை உயர்த்திக் கத்தத்தான் செய்தாள். குட்டி காலடியில் குடித்துக்கொண்டே இருந்தது. “மறக்காது டீச்சர்” என்றார் சிவலிங்கம். “எதுக்கு மறக்கணும்?”

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். யோகாவும் சிவலிங்கமும் தங்குவதற்குக் காசு வாங்கமாட்டார்கள்; அரிசிக்கும் மரக்கறிக்கும் உதவியாக எதையாவது வாங்கிப் போங்கள். தவிடு, பழைய துவாய், பெட்ஷீட் என்றால் சந்தோஷப்படுவார்கள். குதிரைகளுக்குக் கரட்டை நீங்களாகக் கொடுக்காதீர்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆகஸ்டில் பகல் வெயில் காய்ந்தாலும் இரவு குளிரும், கம்பளி வேண்டும். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்பு. திரும்பும்போது மட்டக்களப்பு பஸ் பதுளையில் மத்தியானத்துக்கு முன் எடுப்பது நல்லது. பின்னேரப் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வரவேண்டியிருக்கும். முக்கியமாக, குட்டிக்குப் பால் கொடுக்க வாய்த்தால், அது தாயோடு சேர்ந்த பிறகு அதிக நாள் தங்காதீர்கள். நான் இரண்டு நாள் தங்கினேன்.

கிளம்பும் காலையில் போத்தல் இல்லாமல் வேலியோரம் போய் நின்றேன். செருப்பை வேண்டுமென்றே தரையில் தேய்த்தேன். குட்டி தலையை உயர்த்தி என்னைப் பார்த்தது. காது இரண்டும் என் பக்கம் திரும்பின. ஓட்டோ ஹோர்ன் அடித்தது. நான் கையை வேலிக்கு உள்ளே நீட்டி, விரலை மட்டும் கொஞ்சம் அசைத்தேன். அது தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்து, வெயிலில் குதித்துக்கொண்டு ஓடியது.