என் தம்பி பிடிச்ச கயிறு

மரம் ஏறி வெட்டுறவனுக்குக் கீழ நின்னு கயிறு பிடிக்கிறவன் பொண்டாட்டியோட கூடப்பொறந்தவனா இருக்கணும். எங்க எழுமலைப் பக்கம் அப்படித்தான். சொந்த அண்ணன் தம்பியக்கூட நம்ப மாட்டாங்க, பங்காளிக்கு வரப்பு மேல ஒரு கண்ணு இருக்கும்னு நெனப்பு. மச்சினன்னா அக்கா தாலி அவன் கையில இருக்கு, செத்தாலும் விட மாட்டான். ஏறுறவர் இடுப்புல கட்டுற கயிறு, மேல கொப்பு பிரியுற ஒரு கவட்டையில ஏறி இறங்கி, மச்சினன் கையில வந்து முடியும். எழுபதுகளோட கடைசியில எங்களுக்கு இருந்த பாதுகாப்பு அம்புட்டுத்தான். இப்பத் தலைக்குத் தொப்பி, இடுப்புக்கு பெல்ட்டுன்னு மாட்டிக்கிட்டு ஏறுறாங்க. பாக்கப் பாக்க எனக்கு வயிறெரியுது.

எங்க வீட்டுக்காரரு ஏறுவாரு, என் தம்பி கயிறு பிடிப்பான், விழுற சுள்ளிய நான் விறகாக் கட்டுவேன். மதுரைக்குள்ள ஓட்டு வீட்டு மேல சாஞ்ச மரம், கரண்டுக் கம்பியில உரசுற மரம்னா எங்களத்தான் கூப்பிடுவாங்க. மாமனும் மச்சினனும் சேந்துட்டா ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருக்கும். அதெல்லாம் எம் மகளுக்குக் காது குத்துற வரைக்கும்தான்.

குலசாமி கோயில்ல காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் பிள்ளைக்குக் குத்தணும். என் தம்பி பேரையூர்ல இருந்து சீர்த்தட்டோட வரணும், வந்த பஸ்சு நடுவழியில மக்கர் பண்ணிருச்சு. எங்க வீட்டுக்காரருக்குப் பொறுமைங்கிறது மருந்துக்கும் கிடையாது. நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுன்னு குதிச்சு, எங்க சித்தப்பா மகன் மடியில பிள்ளைய உக்கார வச்சுக் குத்தி முடிச்சுட்டாரு. தம்பி வேர்க்க விறுவிறுக்க ஓடியாந்து பாக்குறான், பிள்ளை காதுல கம்மலோட மிட்டாய் தின்னுக்கிட்டு நிக்குது. சீர்த்தட்டத் தரையில வச்சான், பந்தியில கை நனைக்காமப் போயிட்டான். அன்னையோட ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.

பேச்சுத்தான் இல்ல, வேலை நிக்கல. வேற ஆளு பாக்க வேண்டியதுதானய்யான்னு இவருகிட்டக் கேட்டேன். "எவன் கையில கொடுக்கச் சொல்ற எங் கயித்த?"ன்னு எரிஞ்சு விழுந்தாரு. தம்பிகிட்டக் கேட்டேன். "அவருக்கா பிடிக்கிறேன்? உனக்குப் பிடிக்கிறேன்"னான். சரிதான், ரெண்டும் சேந்து என் தலையில கட்டிட்டாங்க.

அப்புறம் நடந்த கூத்தக் கேளுங்க. மேல இருந்து இவரு, "ஏய், கயித்தத் தளத்தச் சொல்லு!"ம்பாரு. நான் தம்பியப் பாத்து, "தளத்தணுமாம்டா"ம்பேன். அவன் தளத்துவான். கீழ இருந்து அவன், "அக்கா, அந்தக் கொப்பு பட்டுப்போனது, மிதிக்க வேணாம்னு சொல்லு"ம்பான். நான் அண்ணாந்து பாத்து, "மிதிக்காதய்யா, பட்ட கொப்பாம்!"னு கத்துவேன். அவன் சொன்னது இவருக்கும் கேட்டிருக்கும், இவரு என்ன செவிடா? ஆனா நான் சொல்லாம அசைய மாட்டாரு. வெறகு பொறுக்க வந்தவள உச்சாணிக்கும் தரைக்கும் தபால்காரி ஆக்கிட்டாங்க. வேலை சொல்லிவிட்டவங்க எல்லாம் பாத்துச் சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

ஏன்னா சந்தேகம் உள்ள வந்து உக்காந்துருச்சு. காலையில கெளம்புறப்ப இவரு கயித்த சாண் சாணா உருவிப் பாப்பாரு. முன்னெல்லாம் அப்படிப் பாத்ததே கிடையாது. "என்னய்யா அம்புட்டு நேரம் தடவுற?"ன்னா, "எதுலயாச்சும் அருவா பட்டிருந்தா?"ம்பாரு. யாரு அருவான்னு சொல்ல மாட்டாரு. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "உன் தம்பிக்கு ரோசம் சாஸ்திடி, ஒரு நா இல்லாட்டி ஒரு நா கைய விட்டுருவான், பாத்துக்க"ன்னு சும்மா இருந்த சங்கை ஊதிட்டுப் போனா. அவள நல்லாத் திட்டி அனுப்பிட்டேன். ஆனா அன்னையில இருந்து நான் சுள்ளிய எங்க பாத்தேன்? தம்பி கையத்தான் பாத்தேன். ஒரு கையில கயிறு, ஒரு கையில பீடின்னு நின்னான்னா எனக்குப் பகீர்னு இருக்கும். எங்கம்மா பெத்த பிள்ளைதான், என் இடுப்புல தூக்கி வளத்தவன்தான். இருந்தாலும் அவன் மனசுக்குள்ள நான் பூந்தா பாத்தேன்?

தெற்குவாசல் பக்கம் ஒரு சௌராஷ்டிரக்காரங்க வீட்டுப் பின்கட்டுல பெரிய வாகை மரம். ஒரு கொப்பு ஓட்டு மேல சாஞ்சு கெடந்தது. அதத்தான் அறுக்கணும். வெட்டுனத ஏத்திக்கிட்டுப் போக ஒரு மாட்டு வண்டிக்காரரும் மரத்தடியிலயே நின்னாரு. முத்தத்துல சாயம் போட்ட நூலு காயப் போட்டிருந்தாங்க. ரம்பத்தூள் பறந்து நூல்ல விழவும், வீட்டுக்காரம்மா, "ஒரு கை பிடிம்மா, உள்ள எடுத்துருவோம்"னு கூப்பிட்டாங்க. நான் நூலத் தூக்கிக்கிட்டு உள்ள போனேன்.

ரம்பச் சத்தம் நின்னுச்சு. பெறகு யாரோ கத்துனாங்க, கூடவே மடார்னு ஒரு சத்தம். நூல அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன்.

இவரு பாதி மரத்துல தலை தொங்கக் கயித்துல ஆடுறாரு. வலது கால் கால் மாதிரியே இல்ல. கொப்பு உள்ளுக்குள்ள உளுத்துக் கெடந்திருக்கு; வெளிப்பக்கம் சாய வேண்டியது, முறிஞ்சு உள்பக்கம் திரும்பி, காலத் தாய்மரத்தோட வச்சு நசுக்கிருச்சு. தம்பி ரெண்டு காலையும் மரத்துல உந்திக்கிட்டு, கயித்த நெஞ்சோட சேத்துப் பிடிச்சு, மெல்ல மெல்ல இறக்குறான். என்ன ஆச்சுடான்னா கேட்டேன்? "என்னடா பண்ணுன?"ன்னுதான் என் வாயில வந்துச்சு.

பெரியாஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. உசிரு தங்குனதே பெருசுன்னாங்க. போலீஸ்காரர் ஒருத்தரு வந்து, கயிறு பிடிச்சது யாருன்னு கேட்டுட்டு, அவருக்கு நெனவு தெளியட்டும், வந்து எழுதிக்கிறேன்னு போனாரு. இவரு ஒரு வார்த்தை ஏறுக்குமாறாச் சொன்னா என் தம்பி ஜெயிலுக்குப் போயிருவான். போகட்டும்னுதான் எனக்கு இருந்துச்சு. பொய் சொல்லல, அப்படித்தான் இருந்துச்சு.

தம்பி வார்டுக்குள்ளயே வரல. வெளிய படியில உக்காந்திருந்தான். ரெண்டு உள்ளங்கையும் தோலுரிஞ்சு கட்டுப் போட்டிருந்தாங்க. எனக்கு அதுலயும் சந்தேகம். இறுக்கிப் பிடிச்சாலும் தோலு உரியும், விட்டுட்டுப் பதறிப் பிடிச்சாலும் உரியும். இதுல எதுடா?

"கத்துனேன்க்கா. கொப்பு திரும்புறது கீழ இருந்து தெரிஞ்சுச்சு, உசிரு போகக் கத்துனேன்"னான்.

வண்டிக்காரர் பாக்க வந்தாரு. அவர ஓரமா இழுத்துட்டுப் போயி, "எந் தம்பி கத்துனானாண்ணே?"ன்னு கேட்டேன். "கத்துனானே! 'திரும்புது, தள்ளு தள்ளு'ன்னான். நான் சட்டுன்னு மாட்ட ஓட்டித் தள்ளிப் போயிட்டேன். இல்லாட்டி மாடும் காலி, நானும் காலி"ன்னாரு. எனக்கு ஆத்திரம் அடங்கல. ஆக, கத்துனது வண்டிக்காரனுக்கு! மாட்டக் காப்பாத்தத் தெரிஞ்சவனுக்கு மாமனக் காப்பாத்தத் தெரியல! இவருக்குக் கொண்டாந்த கஞ்சியில ஒரு வாய் அவனுக்குக் கொடுக்கல நான். கட்டுப் போட்ட கையோட அவனா வாங்கித் திங்கவும் முடியாது, தெரியும். தெரிஞ்சுதான் கொடுக்கல.

இவருக்கு நல்லா நெனவு தெளிஞ்சதும் பக்கத்துல உக்காந்து சொன்னேன். "போலீஸ்காரர் வருவாரு. நடந்தது நடந்தபடி சொல்லிரு. எந் தம்பியாச்சேன்னு பாக்காதய்யா. வண்டிக்காரனுக்குக் கத்திருக்கான், உனக்குக் கத்தல."

"எனக்குக் கேட்டுச்சு"ன்னாரு இவரு.

"என்ன கேட்டுச்சு?"

"தள்ளு தள்ளுன்னான். நல்லாக் கேட்டுச்சு. அவந்தான் எங்கிட்டப் பேச மாட்டானே, வண்டிக்காரனச் சொல்றான்னு நெனச்சு நான் பாட்டுக்கு நின்னேன். 'மாமா'ன்னு ஒரு வார்த்தை முன்னால போட்டிருந்தான்னா குதிச்சிருப்பேன்."

எந்திரிச்சு வெளிய போனேன். "டேய், 'மாமா'ன்னு கூப்பிட்டியாடா?"ன்னு கேட்டேன். அவன் தலைய நிமித்தவே இல்ல.

"வாய் வரைக்கும் வந்துச்சுக்கா"ன்னான்.

பாவி! அவன் தோள்ல ரெண்டு அடி போட்டேன். அழுதுக்கிட்டே அடிச்சேன். சட்டையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்து கட்டிலுக்கு முன்னால நிறுத்துனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக் கெடந்தத அவன் பாத்தான். கட்டுப் போட்ட கையால வாயப் பொத்திக்கிட்டு, "மாமா"ன்னான்.

எங்க வீட்டுக்காரரு அவன் பக்கம் திரும்பல. என்னப் பாத்தாரு.

"இப்பச் சொல்றான் பாரு"ன்னு எங்கிட்டச் சொன்னாரு.