மணல் நிரப்பிய பெயிண்ட் டின்

என் அத்தை மலேசியாவுக்காக ஐஸ் தேய்த்தவள். இப்படிச் சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். விளையாட்டின் பெயர் கர்லிங். கைப்பிடி வைத்த கனமான கல்லை ஒருத்தி ஐஸ் தரையில் வழுக்கி விடுவாள். இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி, நீளக் கம்பு வைத்த பிரஷால் ஐஸைத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்கு வெற்றி.

அத்தை என் அப்பாவின் தங்கை. பத்து காவான் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. கூட வேலை செய்த சீனத் தோழிதான் அவளை இதில் இழுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பட்டர்வொர்த்தில் ரயிலேறிக் கோலாலம்பூர் போய் ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். "வீட்டக் கூட்ட ஆளக் காணோம், ஊரு விட்டு ஊரு போயி ஐஸக் கூட்டுறாளாம்" என்பார் அப்பா. ஞாயிறு மாலை ஃபெரித் துறையில் மோட்டார் சைக்கிளோடு அவளுக்காகக் காத்து நிற்பதும் அவர்தான்.

மற்ற நாட்களில் ஜார்ஜ் டவுன் ஃபிளாட்டில் எங்கள் ஏழாவது மாடி நடைபாதைதான் அவளுக்கு ஐஸ். சோப்புத் தண்ணீர் ஊற்றி, மணல் நிரப்பிய பெயிண்ட் டின்னை வழுக்கி விடுவாள். லிஃப்ட் பக்கம் சாக்கட்டியில் வட்டம். முன்னால் துடைப்பத்தோடு ஓடுவது ஒன்பது வயது நான். மலேசியாவே என்னை நம்பியிருப்பதாக நினைத்துத் தேய்ப்பேன்.

எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து, "வழுக்கி விழுந்து என் இடுப்பு ஒடிஞ்சா நீயா வந்து தூக்குவ?" என்பாள்.

"கல்லயே தள்ளுறோம், உங்களத் தூக்க மாட்டோமாலா?" என்பாள் அத்தை.

முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. ஓடுகிற கல்லில் பிரஷ் படக்கூடாது. பட்டால், பட வைத்தவளே சொல்லிவிட வேண்டும். நடுவர் கண்டுபிடிக்கட்டும் என்று நிற்கக் கூடாது. பட்டால் கையைத் தூக்கு என்று அத்தை எனக்குச் சொல்லியிருந்தாள். என் துடைப்பம் டின்னில் அடிக்கடி படும். நான் ஒருமுறைகூடக் கையைத் தூக்கியதில்லை. அத்தை டின்னைத் திரும்ப எடுத்து வந்து, "இன்னொருக்கா விடுவோம்" என்பாள். அவளுக்குத் தெரியவில்லை என்று எனக்கு ஏகச் சந்தோஷம்.

இரண்டு வெளிநாடுகளில் ஆடிவிட்டு வந்தவள், மூன்றாவதாக ஒரு குளிர் நாட்டுக்குப் போனாள். அங்கே ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் அத்தோடு சரி. இதுதான் கடைசி லீவு என்று சொல்லித்தான் சூப்பர்வைசர் அனுப்பியிருந்தார்.

நமக்கு அப்போது மாலை நான்கு மணி. கீழே மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் எப்போதும் பந்து விளையாட்டு ஓடும் பெரிய டிவியில் அத்தை வந்தாள்.

"அண்ணே, உங்க தங்கச்சி தேய்க்கிறதப் பாத்தா நம்ம கடைக்கே வேலைக்கு எடுத்துக்கலாம் போல" என்றார் கடைக்காரர்.

"மொதல்ல உன் மேசையத் தேயி" என்றார் அப்பா.

ஆட்டம் சமநிலையில் கடைசிக் கல்லுக்கு வந்தது. ரொட்டி போடுகிறவர் மாவைக் கையிலேயே தொங்கவிட்டு நின்றார். கல் கிளம்பியது. அத்தை குனிந்து தேய்த்துக்கொண்டே ஓடினாள். "தேய்! தேய்லா!" என்று கடையே கத்தியது. நான் ஈரத்துணியை எடுத்து மேசையைத் தேய்த்தேன். அப்பா தன் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வட்டத்தை நெருங்கும்போது அத்தையின் பிரஷ் கல்லில் பட்டது. மயிரிழைதான். கல் அசையக்கூட இல்லை. கடையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என் துடைப்பம் தினமும் செய்கிற வேலையாயிற்றே. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அத்தையும் மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அத்தை கையைத் தூக்கினாள்.

கல் தானாகப் போய் நடுவில் நின்றது. கடை வெடித்தது. கை தூக்கியதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டார்கள். தோசைக்கல்லில் கரண்டியால் ஒருவர் தாளம் போட்டார். யாருடைய தே தாரேக் டீயோ கவிழ்ந்தது. முன்பின் தெரியாத ஒருவரை அப்பா கட்டிப்பிடித்துக் குதித்தார். கையில் ஈரத்துணியோடு அசையாமல் நின்றது நான் மட்டும்.

எதிரணித் தலைவி வந்தாள். அத்தையிடம் ஏதோ கேட்டு, தலையசைத்து, அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளினாள். நடுவுக்குப் பக்கத்தில் இப்போது அவர்கள் கல்தான்; தோற்றுவிட்டோம்.

"என்னாச்சுண்ணே?"

"பிரஷ் பட்டுருச்சாம்" என்றார் டிவியில் சொல்வதைக் கேட்ட அப்பா.

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. அவளே சொல்லிட்டா."

"உங்க தங்கச்சிக்குப் பைத்தியமா?"

"ஆமா" என்றார் அப்பா. அதைப் பெருமையாகச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அத்தை திரும்பி வந்து திங்கட்கிழமை ஃபேக்டரிக்குப் போனாள். பிறகு அவள் ஐஸில் கால் வைக்கவில்லை. பின்னாளில் நான் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டேன். ஜுருவில் கார் கழுவினேன், நாலு ஊரில் நாலு வேலை பார்த்தேன், சில இடங்களில் கையைத் தூக்காமல் தப்பித்தும் இருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு, தோற்றுத் திரும்பி வந்த அத்தையோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை அவள் நடைபாதையில் சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். எப்படி ஜெயிப்பது என்று காட்டிவிட முடிவு செய்தேன். ஓடுகிற டின்னைத் துடைப்பத்தால் வேண்டுமென்றே தட்டி, நட்டநடு வட்டத்தில் நிறுத்தினேன். கையைத் தூக்கவில்லை.

"ஜெயிச்சிட்டோம் அத்தை!"

அத்தை என் துடைப்பத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நடந்து போய் டின்னை எடுத்து வந்தாள்.

"இன்னொருக்கா விடுவோம்" என்றாள்.

அன்றைக்கும் அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.